பகலில் தூங்க ஓர் அறை

உல்லாஸ்நகரில் பக்கத்து வீட்டுத் தையல் மெஷின்களிடமிருந்து ஒரு படுக்கையறையை மீட்ட கதை. கடையில் விற்ற ஸ்பாஞ்ச் கைகொடுக்கவில்லை. பரணுக்குப் பின்னால் இருந்தது பாதி ரகசியம்.

காலை எட்டேகால் மணி. விட்டல்வாடி ஸ்டேஷனில் மும்பை போகும் லோக்கலுக்காகக் கூட்டம் முண்டியடிக்கும் நேரத்தில், எதிர்த் திசையிலிருந்து வரும் ரயிலில் சாவகாசமாக இறங்குகிறார் என் பெரியப்பா மகன். மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆண் நர்ஸ். 12 வருடங்களாகப் பெரும்பாலும் இரவு டூட்டிதான். வீட்டுக்கு வந்து குளித்து, அண்ணி எடுத்து வைத்த இட்லியைச் சாப்பிட்டு, ஒன்பதரைக்குப் படுக்கிறார். பத்து மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின்கள் ஓட ஆரம்பிக்கும்.

மொத்தம் ஆறு மெஷின்கள். ஜீன்ஸ் பேன்ட் தைப்பவை. சாதாரணத் துணிக்கு ஓடும் மெஷினுக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. நாலு மடிப்பு டெனிமை ஊசி துளைக்கும்போது எழும் அதிர்வு மேஜைக்கால் வழியாகத் தரைக்கு இறங்கி, தரை வழியாக அண்ணனின் கட்டிலுக்கு ஏறி வரும். தலையணையில் காதை வைத்தால் இன்னும் நன்றாகக் கேட்கும். ஒரு நாள் அதிகாலை வார்டில் இரண்டு நோயாளிகளின் ட்ரிப் பாட்டில்களை மாற்றி மாட்ட இருந்தார். கடைசி நொடியில் கவனித்ததால் விபரீதம் ஏதும் நடக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து அவர் முதலில் சொன்னது, “இந்த ரூமை சவுண்ட் புரூஃப் பண்ணியே ஆகணும்” என்பதுதான்.

உல்லாஸ்நகரில் இப்படி ஆசைப்படுவது கொஞ்சம் அதிகப்படி. ஊரின் பிறப்பே அப்படி. இரண்டாம் உலகப் போரின்போது கல்யாண் அருகே ராணுவத்துக்காகக் கட்டிய முகாம் இது. 1947-ல் நாடு பிரிந்தபோது சிந்துவிலிருந்து வந்த அகதிகளை இங்கிருந்த பாரக்குகளில் குடியேற்றினார்கள். 1949 ஆகஸ்ட் 8 அன்று இதை ஒரு நகரமாக்க அடிக்கல் நாட்டியவர் அப்போதைய கவர்னர் ஜெனரல் ராஜாஜி. பக்கத்தில் ஓடும் உல்லாஸ் நதியின் பெயரை ஊருக்கு வைத்தார்கள். சிப்பாய்கள் வரிசையாகப் படுத்து எழுந்த நீள நீளமான கூடங்களைத் தடுத்துத் தடுத்துக் குடும்பங்கள் வாழத் தொடங்கின. இன்றும் இங்கே விலாசம் கேட்டால் கேம்ப் நம்பர்தான் சொல்வார்கள். ஒன்றிலிருந்து ஐந்து வரை.

தடுப்பு தட்டியாக இருந்த இடங்களில் செங்கல் வந்தது. மாடி வந்தது, மாடிக்கு மேல் மாடி வந்தது. கூடவே தொழிலும் வந்தது: ஃபர்னிச்சர், ஜீன்ஸ், இன்னும் எத்தனையோ. 2011 மக்கள் தொகைக் கணக்குப்படி சுமார் 13 சதுர கிலோமீட்டருக்குள் 5 லட்சம் பேர். வீடு எங்கே முடிகிறது, பட்டறை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வது முனிசிபாலிடிக்கே சிரமம். தாராவியிலும் இதே கதைதான். அங்கே கீழே பட்டறை, மேலே வீடு. இங்கே பக்கத்துப் பக்கத்தில்.

சட்டம் உதவாதா? உதவும், இரவில் தூங்குகிறவர்களுக்கு. 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல், பகலில் 55 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. வணிகப் பகுதியென்றால் பகலில் 65, தொழிற்பகுதியென்றால் 75. 2005 ஜூலை 18 அன்று சுப்ரீம் கோர்ட் தந்த புகழ்பெற்ற தீர்ப்பும், 2016 ஆகஸ்டில் மும்பை ஹைகோர்ட் தந்த நீண்ட தீர்ப்பும் ஒலிபெருக்கிக்காரர்களுக்குக் கடிவாளம் போட்டன. விநாயகர் சதுர்த்தி சமயத்தில் இவற்றின் பயன் மும்பைவாசிகளுக்குத் தெரியும். ஆனால் வாட்ச்மேன், நர்ஸ், ரயில்வே ஊழியர், கால் சென்டர் பெண் என்று ஊர் விழிக்கும் நேரத்தில் கண்ணயரும் லட்சக்கணக்கானவர்களுக்கு ‘இரவு’ என்பது காலை 9 மணிக்குத்தான் பிறக்கிறது. அதைச் சட்டம் பகல் என்றே அழைக்கிறது.

ஆகவே அண்ணன் கடைக்குப் போனார்.

கடைக்காரர் காட்டியது கரும்பழுப்பு ஸ்பாஞ்ச் பலகைகள். முட்டை அட்டை மாதிரி மேடு பள்ளமாக, பார்க்க ரெக்கார்டிங் தியேட்டர் போலவே இருக்கும். சுவர் முழுக்க ஒட்டினால் ஊசி விழுந்தாலும் கேட்காது என்றார். பத்துக்குப் பத்து அறையின் ஒரு சுவருக்கு 8,000 ரூபாய் ஆயிற்று. ஒட்டி முடித்து, ஃபேனை நிறுத்திவிட்டு, போனில் இருந்த டெசிபல் மீட்டரை வைத்துப் பார்த்தோம். முன்பு 58. பின்பு 56. (போன் மீட்டரை அப்படியே நம்பக் கூடாது. ஆனால் அதே போனை அதே இடத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் ஓரளவு சரியாக இருக்கும்.)

கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்வதைவிட, அவருக்கும் தெரியவில்லை என்பதே சரி. ஊரில் பாதிப் பேர் செய்யும் குழப்பம் இது. ஒரு அறைக்குள் எழும் ஓசை எதிரொலிக்காமல் உறிஞ்சுவது ஒரு வேலை. வெளியே இருக்கும் ஓசையை உள்ளே வராமல் தடுப்பது முற்றிலும் வேறு வேலை. ஸ்பாஞ்ச், திரைச்சீலை, கம்பளம், முட்டை அட்டை எல்லாம் முதல் வேலையைச் செய்பவை. மாட்டுங்கா பக்கம் சண்முகானந்தா ஹாலுக்குப் போயிருப்பவர்களுக்குப் புரியும். 2,700-க்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட அந்த அரங்கில் கச்சேரி எப்படிக் கேட்கிறது என்பது உள்ளே இருக்கும் பரப்புகளின் வேலை. தெருவில் போகும் லாரி உள்ளே கேட்காமல் இருப்பது சுவரின் வேலை. காற்று தாராளமாகப் புகுந்து வரும் ஸ்பாஞ்சுக்குள் ஓசையும் புகுந்து வரும். 56 என்று குறைந்த அந்த 2 டெசிபல், அறைக்குள் வந்துவிட்ட ஓசை கொஞ்சம் உறிஞ்சப்பட்டதன் பலன். நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் 1910-ல் பாரிஸில் தன் படுக்கையறைச் சுவர்களில் கார்க் பதித்துக்கொண்டதை இலக்கியவாதிகள் சிலாகிப்பார்கள். கார்க்கும் எடையில்லாத பொருள்தான். அவருக்கு எவ்வளவு அமைதி கிடைத்ததோ!

ஸ்பாஞ்சை இரண்டே வாரத்தில் பிய்த்து எறிய வைத்தது வேறு காரணம். அண்ணியின் சாமி விளக்கு அந்தச் சுவரை ஒட்டி இருந்தது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் ‘தி ஸ்டேஷன்’ என்ற கிளப்பில் 2003 பிப்ரவரி 20 அன்று 100 பேர் இறந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் தாங்கவில்லை என்று புகார் செய்ததால் சுவரில் ஒட்டிய பாலியூரிதேன் ஸ்பாஞ்சில், மேடையில் கொளுத்திய மத்தாப்புப் பொறி பட்டது. சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. பத்து வருடம் கழித்து, 2013 ஜனவரி 27-ல், பிரேசிலின் சாந்தா மரியா நகரில் ‘கிஸ்’ கிளப்பில் 242 பேர். அங்கேயும் பட்டாசு, அங்கேயும் சத்தத்துக்காக ஒட்டிய ஸ்பாஞ்ச். இந்த வகை ஸ்பாஞ்ச் எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் வரும். நெருப்பு தொடுவதற்கு முன்பே மூச்சு நின்றுவிடும். பத்தடி அறையில், ஒரே ஒரு கதவோடு, இதைச் சுவரெல்லாம் ஒட்டிக்கொண்டு தூங்குவது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்பதை நர்சுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து வந்தவர் மிஸ்திரி. பழைய ஆள். அவர் செய்த முதல் காரியம், ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரோரமாக நடந்ததுதான். புகை எங்கே வளைகிறதோ அங்கே காற்று வருகிறது. காற்று வருகிற வழியில் சத்தம் வரும். பரணுக்குப் பின்னால் புகை குடுகுடுவென்று உள்பக்கம் வளைந்தது. பரணிலிருந்த பாத்திர மூட்டைகளை இறக்கிப் பார்த்தால், சுவர் மேல்தளம் வரை போகவே இல்லை! மூன்று விரல் இடைவெளி விட்டு நின்றிருந்தது. யாரோ எப்போதோ பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்திருந்தார்கள். போதாக்குறைக்கு நம் பக்கத்து ஸ்விட்ச் பெட்டியும் அவர்கள் பக்கத்து ஸ்விட்ச் பெட்டியும் முதுகோடு முதுகு ஒட்டி, நடுவில் வெறும் தகரம்.

இங்கே கொஞ்சம் கணக்கு. இரு பக்கமும் பூசிய நாலரை அங்குலச் செங்கல் சுவர் சுமார் 45 டெசிபல் ஓசையைத் தடுக்கும். அதாவது அந்தப் பக்கம் சாதாரணமாகப் பேசினால் இந்தப் பக்கம் கேட்காது. ஆனால் பத்துக்குப் பத்து சுவரில் ஒரு சதுர அடி ஓட்டை இருந்தால், மீதி 99 சதுர அடியை இரும்பால் கட்டினாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. ஆயிரத்தில் ஒரு பங்கு ஓட்டை போதும், 45 என்பது 30 ஆகிவிடும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் எவ்வளவு? மூன்றடி அகலக் கதவுக்குக் கீழே ஒரு சென்டிமீட்டர் சந்து. பெரும்பாலான வீடுகளில் கதவுக்குக் கீழே அதைவிடப் பெரிய சந்து இருக்கிறது.

டெசிபல் கணக்கு கடைவீதிக் கணக்கு அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். 10 டெசிபல் கூடினால் நம் காதுக்குச் சத்தம் சுமார் இரண்டு மடங்காகத் தெரியும். 10 குறைந்தால் பாதியாகத் தெரியும். ஆகவே அந்த 15 டெசிபல் வித்தியாசம் என்பது தூக்கத்துக்கும் விழிப்புக்கும் உள்ள வித்தியாசம். படுக்கையறைக்குள் 30 டெசிபலுக்கு மேல் தொடர் ஓசை இருந்தால் தூக்கம் கெடும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-லேயே சொல்லியிருக்கிறது. எந்த மும்பைக்காரருக்கும் 30 டெசிபல் படுக்கையறை கிடைத்ததாகக் கேள்விப்பட்டதில்லை. அது வேறு விஷயம்.

மிஸ்திரி மேலே இருந்த சந்தைச் செங்கல் துண்டும் சிமென்டும் வைத்து அடைத்தார். ஸ்விட்ச் பெட்டியை இரண்டடி தள்ளி வைத்து, பழைய குழியைப் பூசினார். வாசல் கதவு உள்ளே பொள்ளலான ஃப்ளஷ் கதவு. தட்டினால் டமாரம் போல ஒலிக்கும். அதை எடுத்துவிட்டு மரம் நிறைந்த கனமான கதவு போட்டு, மூன்று பக்கச் சட்டத்திலும் ரப்பர் பட்டை ஓட்டி, கீழே கதவோடு இறங்கும் ரப்பர் நாக்கு வைத்தோம். மீட்டர் 49 காட்டியது. ஸ்பாஞ்சுக்குக் கொடுத்த பணத்தில் பாதிகூட ரப்பருக்கும் சிமென்டுக்கும் ஆகவில்லை. கதவுதான் செலவு.

தெருப் பக்கத்து ஜன்னல் தனிக் கதை. நாலு மில்லிமீட்டர் கண்ணாடி நன்றாக மூடினாலும் 30 டெசிபலுக்குள்தான் தடுக்கும். இருக்கும் ஜன்னலை அப்படியே விட்டு, நாலங்குலம் உள்ளே தள்ளி இன்னொரு ஜன்னல் போட்டால் 40-ஐத் தொடலாம். இரண்டு கண்ணாடிகளும் ஒரே தடிமனில் இல்லாமல் ஒன்று நாலு, ஒன்று ஆறு மில்லிமீட்டர் என்று இருந்தால் நல்லது. ஒன்று எளிதாக விடும் ஸ்வரத்தை மற்றது பிடித்துக்கொள்ளும். ஆனால் மே மாதத்து உல்லாஸ்நகரில், நண்பகலில், இரண்டு ஜன்னலையும் இறுக மூடிவிட்டு ஒருவர் எப்படித் தூங்குவது? அமைதியின் விலை கண்ணாடியோடு நிற்பதில்லை. ஏ.சி. வாங்க வேண்டும், மின் கட்டணம் கட்ட வேண்டும். ஸ்ப்ளிட் ஏ.சி. அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்குமே தவிர, புதுக் காற்றை உள்ளே கொண்டு வராது என்பது பலருக்குத் தெரியாது. அண்ணன் வீட்டில் தச்சர் ஒரு பிளைவுட் பெட்டி செய்தார். உள்ளே இரண்டு தடவை வளைந்து போகும் பாதை, சுவர்களில் துணி சுற்றிய கண்ணாடி நார், வெளி முனையில் ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன். காற்று வளைந்து போய்விடும். ஓசை ஒவ்வொரு வளைவிலும் நாரில் மோதிச் சாகும். ஸ்கூட்டர் சைலன்சரும் கிட்டத்தட்ட இதே தந்திரம்தான்.

49-க்கும் கீழே இறங்க மிஸ்திரி சொன்ன யோசனை, உள்பக்கம் இன்னொரு செங்கல் சுவர். தத்துவப்படி அவர் சொன்னது சரி. ஓசையைத் தடுப்பது எடை. சுவரின் எடையை இரட்டித்தால் சுமார் 5, 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். இரண்டு சுவர்களுக்கு நடுவே இடைவெளி விட்டால் இன்னும் அதிகம். ஆனால் நூறு சதுர அடி நாலரை அங்குலச் சுவர், பூச்சோடு சேர்த்து இரண்டு டன்னுக்கு மேல் எடை. அண்ணன் குடியிருப்பது முதல் மாடியில்.

உல்லாஸ்நகரில் இந்தக் கணக்கைப் போடாமல் யாரும் செங்கல் வாங்கக் கூடாது. 2021 மே 28 அன்று நேரு சௌக் பகுதியில் ஒரு கட்டடத்தின் ஐந்தாவது மாடித் தளம் பெயர்ந்து, கீழ்த் தளங்களை ஒவ்வொன்றாகத் துளைத்துக்கொண்டு தரை வரை வந்தது. 7 பேர் பலி. அதற்கு இரு வாரம் முன்பு, மே 15 அன்றும், இதே ஊரில் இதே போல ஒரு விபத்து. எந்தத் தூணில் எவ்வளவு கம்பி இருக்கிறது என்று கட்டியவருக்கே சந்தேகம் உள்ள ஊரில், அமைதிக்காக இரண்டு டன் ஏற்றுவதா? அண்ணி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்: “வேண்டாம்.” இதே காரியத்தைக் குறைந்த எடையில் செய்ய வழி இருக்கிறது. பழைய சுவரைத் தொடாமல் நிற்கும் இரும்புச் சட்டம், நடுவே கண்ணாடி நார், மேலே இரண்டு அடுக்கு ஜிப்சம் பலகை. பலகைகள் மட்டும் 160 கிலோ வரும். அறையில் நாலங்குலம் போய்விடும். மாட்டுங்காவிலும் செம்பூரிலும் பிள்ளைக்கு மிருதங்கம் சொல்லிக் கொடுக்கிற வீட்டார், உள்ளிருந்து ஓசை வெளியே போய் அண்டை வீட்டார் அடிக்க வராமல் இருக்க நாடக்கூடிய முறை இது. உள்ளே வருவதோ வெளியே போவதோ, விதி ஒன்றே.

பத்துக்குப் பத்தில் நாலங்குலம் போனால் பீரோ கதவு திறக்காது. யோசித்துக்கொண்டே இரண்டு மாதம் போயிற்று.

இந்த நேரத்தில்தான் எனக்குத் தாமஸ் கார்லைல் ஞாபகம் வந்தார். லண்டனில் செய்ன் ரோ தெருவில் வாழ்ந்த அந்த எழுத்தாளர், பக்கத்து வீட்டுச் சேவல்களும் பியானோவும் பொறுக்காமல் 1853-ல் மேல்மாடியில் ஓர் அறை எழுப்பினார். இரட்டைச் சுவர், கூரையிலிருந்து மட்டும் வெளிச்சம். பெரும் செலவு. கடைசியில் வீட்டிலேயே அதிகச் சத்தம் கேட்கும் அறை அதுதான் என்று பெயர் வாங்கிற்று. பக்கத்துச் சத்தம் அடங்கியதும் அதுவரை அதில் அமுங்கிக் கிடந்த தூரத்து ஓசைகளெல்லாம் தலை தூக்கின. அந்த வீடு இன்றும் நினைவில்லமாக இருக்கிறது. அறையையும் பார்க்கலாம். சேவல் விவகாரத்தை ஓரளவு தீர்த்தவர் அவர் மனைவி ஜேன். அவர் சுவர் எழுப்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் போய்ப் பேசினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் நானும் சுவருக்கு அந்தப் பக்கம் போனோம். பட்டறை முதலாளி சிந்திக்காரர். அவருடைய தாத்தா அகதியாக வந்து இறங்கிய பாரக்கின் மேல்தான் அந்தக் கட்டடமே நிற்கிறதாம். பத்து வருடமாகச் சுவருக்கு இரு பக்கமும் வாழ்ந்தவர்கள் முதல் தடவையாக உட்கார்ந்து டீ குடித்தார்கள். “பையா, நீங்கள் பகலில் தூங்குவீர்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? எத்தனை தடவை டேப் ரிக்கார்டரைச் சத்தமாக வைத்திருப்பேன்” என்று வருத்தப்பட்டார். புகார் கொடுக்க வந்திருக்கிறோம் என்றுதான் முதலில் பயந்திருக்கிறார். லைசென்ஸ், கமர்ஷியல் மீட்டர் என்று அவருக்கு ஆயிரம் கவலை.

மெஷின்களைப் பார்த்ததும் விஷயம் விளங்கிற்று. ஆறில் நாலு நம் சுவரை ஒட்டியே நின்றன. எல்லாம் பழைய கிளச் மோட்டார். இந்த மோட்டார் ஸ்விட்சைப் போட்டது முதல், தைத்தாலும் தைக்காவிட்டாலும், முழு வேகத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால் கிளச் பிடித்து ஊசி இறங்கும். நாள் முழுக்கக் கேட்ட அந்த உறுமல் தையலின் சத்தமே அல்ல, சும்மா நிற்கும் மெஷினின் சத்தம். செர்வோ மோட்டார் அப்படி இல்லை. பெடலை மிதித்தால்தான் சுற்றும், மின்சாரமும் கணிசமாக மிச்சம்.

அண்ணன் செலவில் ஒவ்வொரு மேஜைக்காலுக்கும் கீழே ஓர் அங்குல ரப்பர் பேட் வைத்தோம். மெஷின்களைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டார்கள். தலையணையில் கேட்ட அதிர்வு அன்றே நின்றது. தரை வழியாக வருவதை எந்தச் சுவரும் தடுக்காது, புறப்படும் இடத்தில் வெட்டினால்தான் உண்டு. மோட்டாரைப் பற்றி முதலாளி உடனே எதுவும் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்து இரண்டு மெஷினுக்கு மாற்றினார். மின் கட்டண பில்லைப் பார்த்துவிட்டு மீதி நாலுக்கும் மாற்றினார். அண்ணனின் தூக்கத்துக்காக அவர் அதைச் செய்ததாக நான் நம்பவில்லை. அண்ணன் நம்புகிறார்.

இப்போது பகல் பதினொரு மணிக்கு, ஃபேன் நிற்கும்போது, மீட்டர் 39 காட்டுகிறது. ஃபேனைப் போட்டால் கூடுகிறது, ஆனால் அந்தச் சீரான ஓசை யாரையும் எழுப்புவதில்லை. தெருவில் எப்போதாவது அடிக்கும் ஹாரனை அது மூடியும் விடுகிறது. அண்ணன் ஐந்தரை மணி நேரம் தொடர்ந்து தூங்குகிறார்.

கார்லைலுக்கு நேர்ந்தது அவருக்கும் நேர்ந்தது. மெஷின் சத்தம் அடங்கிய பிறகுதான் வீட்டுக் குக்கர் எவ்வளவு சத்தமாக விசில் அடிக்கும் என்பது தெரிய வந்திருக்கிறது. அண்ணி இப்போது பருப்பை எட்டு மணிக்கே, ரயில் விட்டல்வாடிக்கு வருவதற்குள், வேக வைத்துவிடுகிறார்.